கீற்று என்னும் சொல்

மெலிந்ததாகவும், தோன்றிய சிறு பொழுதில் மறைந்துவிடுவதாகவும் உள்ள பொருள்களைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. இழை, துளி, துகள், பொறி, வரி, கோடு என அவை விரிந்து செல்லும். அனைத்தும் சிறுமையையோ மெலிவையோ குறிப்பினும், ஒன்று நிற்குமிடத்தில் மற்றொன்று நில்லாது. இவ்வரிசையைச் சேர்ந்த ஒரு சொல்லின் பொருளையும் வழக்கையும் மட்டும் இங்கு ஆராய்வோம். அச்சொல் கீற்று.

இச்சொல்லைத் தேர்ந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் சில சொற்கள் பாதி உயிரோடு இருக்கின்றன. பெங்களூரின் தென்கிழக்கே, கோரமங்கலத்தை ஒட்டியுள்ள ஈஜிபுராவை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் பேசும் குடும்பங்கள் பல இங்கு வாழ்கின்றன. கட்டட வேலைக்கும், அலுவலகப் பணிக்கும், சிறு வாணிகத்திற்கும் வந்து தங்கிவிட்டோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இத்தெருக்களில் வளர்கின்றனர். வீட்டில் தமிழ் கற்கும் சிறுவனிடம் கீற்று என்றால் என்னவென்று கேட்டால், 'ஒளிக்கீற்று' என்று புத்தகத்தில் படித்ததைச் சொல்லக்கூடும். தென்னங்கீற்றையோ மாங்காய்க் கீற்றையோ அவன் அறிந்திருப்பது அரிது. சொல்லின் வானத்தை அவன் கண்டிருக்கிறான். அது முளைத்த மண்ணைக் காணவில்லை. அந்த மண்ணை அவனுக்குக் காட்டுவது கடினமான செயல் அன்று என்பதை இறுதியில் காண்போம்.

முதலில் சொல்லின் பிறப்பு. 'கீறு' என்னும் வினையினின்று 'கீற்று' என்னும் பெயர் தோன்றியது. கூறு என்பது கூற்று எனவும், ஊறு என்பது ஊற்று எனவும், மாறு என்பது மாற்று எனவும் ஆவது போலவே, கீறு என்பதும் றகரம் இரட்டித்துக் கீற்று ஆயிற்று. கீறுதல் என்றால் கூரிய பொருளால் கோடு படுமாறு இழுத்தல், பிளத்தல், அரிதல். ஆகவே கீறுவதால் விளைவது எதுவோ அது கீற்று. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் இச்சொல்லைக் கீறு என்னும் வினையோடு இணைத்தே காட்டுகிறது.

இவ்வினை தமிழுக்கு மட்டும் உரியது அன்று. மலையாளத்தார் கிழிப்பதைக் கீறுதல் என்றே சொல்வர். கன்னடத்திலும் தெலுங்கிலும் இது 'கீரு' என வழங்கும். முதலெழுத்தை, சங்கு என்னும் சொல்லில் ககரம் ஒலிப்பது போல அதிர ஒலிக்க வேண்டும். கன்னடம் பேசும் அண்டைவீட்டார் தீக்குச்சியைக் 'கீரினேன்' என்னும் பொருள்படச் சொல்வதை ஈஜிபுராவில் நாம் கேட்கிறோம். நாம் உரசினேன் என்போம், கிழித்தேன் என்போம், அவர்கள் கீறுகிறார்கள். பழங்கன்னடத்தில் இருந்த வல்லின றகரம் காலப்போக்கில் மறைந்து, இடையின ரகரத்தோடு ஒன்றிவிட்டமையால் எழுத்து மாறியது, சொல் மாறவில்லை. பரோ, எமெனோ என்னும் அறிஞர் இருவர் தொகுத்து 1961-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி இவற்றை ஒரே இனமாகச் சேர்த்துக் காட்டுகிறது. பிறமொழிச் சூழலில் வாழ்வதால் நம் மொழி தேய்கிறது என்று வருந்துவோர், அச்சூழலிலேயே நம் சொல்லின் உடன்பிறப்புகள் நடமாடுவதையும் கருதுதல் வேண்டும்.

இனி, பொருள்களைக் காண்போம். முதற்பொருள் துண்டு. எல்லாத் துண்டும் கீற்று ஆகாது. நீளவாக்கில் மெல்லியதாக அரிந்த துண்டே கீற்று எனப்படும். மாங்காய்க் கீற்று, பூசணிக் கீற்று, தேங்காய்க் கீற்று என்போம். வெல்லத்தையும் கற்கண்டையும் உடைத்தால் கிடைப்பது கட்டி அல்லது துண்டு. அதனைக் கீற்று என்பார் இல்லை. ஏனெனில் அங்கே உடைத்தல் உண்டு, கீறுதல் இல்லை.

இரண்டாம் பொருள் கூரை வேயும் தென்னையோலை. தென்னை மட்டையை அடிமுதல் நுனிவரை நெடுக இரண்டாகக் கிழித்து, சில நாள் நீரில் ஊறவைத்து, அதன் ஓலைகளை ஒன்றன் மேலும் ஒன்றன் கீழுமாக மாற்றி முடைவர். மட்டையை நடுவே கீறி எடுத்ததால் அது கீற்று. யாழ்ப்பாணத்தார் இதனைக் கிடுகு என்பர்; தமிழகத்திலும் சில பகுதிகளில் அப்பெயர் உண்டு. கன்னடத்தில் தென்னையின் ஓலைக்குக் 'கரி' என்று பெயர். இதிலும் முதலெழுத்து அதிர்ந்தே ஒலிக்கும். அம்மொழியில் பறவையின் இறகுக்கும் அதுவே பெயர். ஒரே ஓலையைக் கன்னடத்தார் இறகாகக் கண்டனர். தமிழர் அதனைக் கீறி முடைந்த கையைக் கண்டனர். இரண்டும் அழகிய பார்வைகளே.

தமிழக முழுதும் கீற்றே கூரையாக இருந்தது என்று எண்ணுதல் கூடாது. வறண்ட மாவட்டங்களில் பனையோலையும் புல்லும் வேய்ந்தனர். தென்னை செழித்த காவிரிப் படுகை போன்ற பகுதிகளிலேயே கீற்று மிகுதி. எனினும், கீற்றுப் பந்தலும் கீற்றுக் கொட்டகையும் எங்கும் பரவின. திருமணம், திருவிழா, சிற்றூர்ப் பள்ளி, ஊர் ஊராகச் சென்ற திரைப்படக் கொட்டகை ஆகிய அனைத்தும் கீற்றின் நிழலில் நடைபெற்றன. கீற்றுக் கூரை மலிவானது, குளிர்ச்சி தருவது. ஆனால் நெடுநாள் நில்லாது. மழையிலும் வெயிலிலும் ஓரிரு ஆண்டுகளில் கறுத்து உக்கிப்போகும். மீண்டும் வேய வேண்டும். நிலையாமை என்னும் பண்பு இச்சொல்லின் மீது முதன்முதலில் படிந்தது வானத்து மின்னலால் அன்று, வீட்டுக் கூரையால் என்றே தோன்றுகிறது.

கீற்றுக்கு மற்றொரு பகை தீ. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் மூண்ட தீ, கீற்றுக் கூரையைப் பற்றியதால் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அதன்பின் தமிழகப் பள்ளிகளில் ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டன. அகற்றியது முற்றிலும் முறையே. குழந்தைகளின் உயிரினும் பெரிதாகப் போற்றத் தக்க கூரை எதுவும் இல்லை. கீற்றின் பெருமையைப் பேசும்போது இதனை மறைத்துப் பேசுதல் நேர்மை ஆகாது. கூரைத் தகடும் கான்கிரீட்டும் பரவியதால் கீற்று நம் தலைக்கு மேலிருந்து இறங்கியது. பொருள் இறங்கவே, சொல்லின் பயிற்சியும் குறைந்தது.

ஈஜிபுராவிலும் கூரை நிலையாமையின் வரலாறு ஒன்று உண்டு. பொருளாதாரத்தில் நலிந்தோருக்கென அங்கு மாநகராட்சி அமைத்த குடியிருப்புக் கட்டடங்கள் பழுதுற்றபின், அவ்விடத்திலேயே தற்காலிகக் கொட்டகைகளில் வாழ்ந்துவந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் 2013 ஜனவரியில் வெளியேற்றப்பட்டன, கொட்டகைகள் இடிக்கப்பட்டன. அவர்களுள் தமிழ் பேசுவோரும் பலர். அவர்களுடைய கூரைகளில் தென்னங்கீற்றின் இடத்தை வேறு பொருள்கள் பிடித்திருந்தன. ஆயினும் 'கொட்டகை' என்னும் பெயர் மட்டும் ஊரிலிருந்து உடன் வந்திருந்தது. இடம் பெயர்ந்து வாழும் மக்கள் தம் கூரையை எடுத்துச் செல்ல இயலாது; கூரையின் பெயரை எடுத்துச் செல்கிறார்கள்.

மூன்றாம் பொருள், உடலில் இடும் குறி. நெற்றியில் விரலால் இழுத்த திருநீற்றையும் சந்தனத்தையும் கீற்று என்பது வழக்கு. திருநீற்றுக் கீற்று, சந்தனக் கீற்று என்போம். குங்குமத்தைப் பொட்டு என்போம். வட்டமாக வைப்பது பொட்டு, கோடாக இழுப்பது கீற்று என்னும் வேறுபாட்டைப் பெரியோர் கருதாமலே கடைப்பிடித்தனர். காலையில் இட்ட கீற்று மாலைக்குள் கலைந்துவிடும். மறுநாள் மீண்டும் இடப்படும்.

இவ்வாறு அடுக்களையிலும் கூரையிலும் நெற்றியிலும் பழகிய சொல்லே வானத்திற்கு ஏறியது. கதவிடுக்கின் வழியே இருட்டறையில் விழும் வெயில் ஒளிக்கீற்று. ஈஜிபுராவின் குறுந்தெருக்களில் மாடிவீடுகள் நெருங்கி நிற்பதால், பல வீடுகளில் நண்பகலை ஒட்டிச் சிறிது நேரமே வெயில் உள்ளே விழும். அப்போது தரையில் நீளும் ஒளிக்கோட்டைக் கவனியுங்கள். அங்கே கத்தியாக நின்று கீறுவது சன்னலின் இடுக்கு. கீறப்படுவது வெளியே நிறைந்திருக்கும் பகல்.

மின்னற்கீற்றும் அத்தகையது. மின்னலின் ஒளிரும் பாதை சில சென்டிமீட்டர் அகலமே உடையது. அவ்வழியே உள்ள காற்று ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. ஒரு நொடிக்குள் அனைத்தும் முடிந்துவிடும். மெலிவும் விரைவும் ஒருங்கே அமைந்த இதற்குக் கீற்றினும் பொருத்தமான பெயர் அமைதல் அரிது. உயரத்தில் வெண்மையாக நார் நாராகப் படரும் முகிலைக் கீற்று மேகம் என்று தமிழகப் பாடநூல்கள் குறிக்கின்றன. லூக் ஹோவார்டு என்னும் ஆங்கிலேயர் முகில்களை வகைப்படுத்தி 1802-இல் உரை நிகழ்த்தியபோது, அவ்வகைக்கு மயிர்ச்சுருள் என்னும் பொருள் தரும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். நாம் அதனைக் கீறிய வெண்கோடாகக் கண்டோம். பெரும்பாலும் ஆறு கிலோமீட்டருக்கு மேல் பனித்துகள்களால் அமைந்த அம்முகில், காற்று இழுத்த இழுப்பில் கோடாகிறது என்பதை எண்ணும்போது தமிழ்ப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

பிறைக்கீற்றைச் சற்று நின்று நோக்குதல் நலம். அமாவாசை கழிந்து ஒன்றிரண்டு நாளில், கதிரவன் மறைந்த சிறிது நேரத்தில், மேல்வானில் அது தென்படும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கி மறையும். மூன்றாம் பிறையைக் கண்டு வணங்குவோரும், நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறை பார்ப்போரும் அச்சிறு பொழுதைத் தவறவிடாமல் காத்திருப்பர். வானம் தெளிவாக இருப்பின், அக்கீற்றை அணைத்தாற்போல நிலவின் ஏனைய வட்டமும் மங்கலாகப் புலப்படும். கதிரவனின் ஒளி நம் பூமியில் பட்டுத் திரும்பி நிலவின்மேல் விழுவதே அதற்குக் காரணம் என்பதைப் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியொனார்டோ டா வின்சி தம் குறிப்பேட்டில் விளக்கினார். கீற்றாகத் தெரிகிறது என்பதால் நிலவு கீற்றளவே ஆகிவிடவில்லை.

இதுவே இச்சொல்லின் உட்பொருள் என்று கருதுகிறேன். கீற்று என்று சொல்லும்போதே, கீறப்பட்ட முழுமை ஒன்று பின்னால் இருப்பதை ஒப்புக்கொள்கிறோம். மாங்காய்க் கீற்றுக்குப் பின் மாங்காய். ஒளிக்கீற்றுக்குப் பின் பகல். பிறைக்கீற்றுக்குப் பின் முழுநிலவு. துளியும் துகளும் தனித்து நிற்க வல்லவை. கீற்று தன் முழுமையை எப்போதும் சுட்டிக்கொண்டே இருக்கும்.

அண்டையிலுள்ள சொற்களோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். கதிர், கற்றை, கீற்று ஆகிய மூன்றும் ஒளிக்கு வரும். ஒளி தோன்றுமிடத்திலிருந்து புறப்பட்டுச் செல்வதைக் கருதினால் கதிர்; பல கதிர்கள் ஒருங்கு சேர்ந்து செல்வதைக் கருதினால் கற்றை; ஒளி வந்து விழுந்த இடத்தில் மெல்லிய கோடாகத் தெரிவதைக் கருதினால் கீற்று. இழை என்பது இழுக்கவும் திரிக்கவும் நெய்யவும் ஆவது. அதற்குப் பிடிப்பு உண்டு. கன்னடத்தார் ஒன்றை விரிவாக எடுத்துரைப்பதை 'எளெ எளெயாக' என்று சொல்வர். அது நம் இழை இழையாக என்பதற்கு நிகரானது. கீற்றை அவ்வாறு திரித்து நூலாக்க இயலாது. புகையை இழை என்றோ சுருள் என்றோ சொல்வது பெரும்பாலும் பொருந்தும். இடுக்கின் வழியே கோடாகக் கசியும் புகையைக் கீற்று எனலாம்.

கீறலுக்கும் கீற்றுக்கும் உள்ள வேறுபாடு மிக நுண்ணியது. இரண்டும் கீறு என்னும் ஒரே வினையின் பிள்ளைகள். கண்ணாடியில் விழுவது கீறல், முழங்காலில் முள் கிழித்தது கீறல், இசைத்தட்டில் ஏற்பட்டது கீறல். இவை யாவும் பழுது. கீற்றோ பழுதைக் குறிப்பதில்லை. மாங்காயைக் கத்தி தவறிக் கிழித்தால் கீறல். உண்போர்க்குப் பங்கிட அரிந்தால் கீற்று. செயல் ஒன்றே, கருத்து வேறு.

இனி, உள்ளத்து உணர்வுகளுக்கு இச்சொல் வருமாறு காண்போம். புன்னகைக் கீற்று, நம்பிக்கைக் கீற்று என்பன நல்ல வழக்குகள். மைய அரசுப் பணியில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கும் எனக்கு இரண்டாவது தொடர் அடிக்கடி எதிர்ப்படும். இந்தியில் 'ஆஷா கீ கிரண்' என்று ஒரு தொடர் உண்டு. ஒலியை மட்டும் பின்பற்றுவோர் இதனை 'ஆசைக் கிரணம்' என்று எழுதிவிட நேரும். இந்தியில் ஆஷா என்பது நம்பிக்கை. தமிழில் ஆசை என்பது விருப்பம், சில இடங்களில் பேராசையும் ஆகும். கிரணம் தமிழிலும் வழங்கும் சொல்லே எனினும், இங்கே அது கதிரவனின் பேரொளியை நினைவூட்டும். இருண்ட நிலையில் சிறிதளவே தோன்றிய நம்பிக்கை என்பதே கருத்தாகையால் 'நம்பிக்கைக் கீற்று' என்பதே தக்கது. நம்பிக்கை நிறைவாக இருக்குமிடத்தில் கீற்று என்று எழுதுதலும் பிழையே. மெலிவு இல்லாத இடத்தில் இச்சொல்லுக்கு வேலை இல்லை.

எழுதும் முறை குறித்தும் சில சொல்லல் வேண்டும். தென்னை என்பதோடு கீற்று சேரும்போது ஐகாரம் கெட்டு, அம் என்னும் சாரியை பெற்றுத் தென்னங்கீற்று என்றாகும். தென்னங்கன்று என்பது போல. ஒளிக்கீற்று, பிறைக்கீற்று, மாங்காய்க் கீற்று ஆகியவற்றில் ககரம் மிகும். மின்னல் என்பதன் லகரம் திரிந்து மின்னற்கீற்று என்றாகும். பேச்சில் மின்னல் கீற்று என்று பிரித்துச் சொல்வதும் உண்டு. கன்னடச் சூழலில் வளரும் குழந்தைகள் றகரத்தையும் ரகரத்தையும் ஒன்றாக ஒலிக்கக் கூடும். கீரி என்றால் பாம்புக்குப் பகையான விலங்கு. கீறி என்றால் கோடு கிழித்து. இவ்விரண்டையும் மாறி மாறிச் சொல்லப் பழக்கினால் குழந்தைகள் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வர்.

அயல் மாநிலத்தில் பிறந்த நம் பிள்ளைகளின் தமிழ் கீற்றளவே என்று ஊரிலிருந்து வரும் உறவினர் சிலர் குறைபட்டுக்கொள்வதுண்டு. அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. மூன்று மொழிகளைப் பள்ளியிலும் தெருவிலும் சுமக்கும் குழந்தைக்கு வீட்டில் கிடைக்கும் தமிழ் நாளொன்றுக்குச் சில நாழிகையே. அக்குறையைப் பெருந்திட்டங்களால் தீர்க்கும் ஆற்றல் தனி வீடுகளுக்கு இல்லை. ஆனால், கிடைக்கும் சில நாழிகையில் பேசும் சொல்லைக் கைக்கு எட்டும் பொருளோடு சேர்த்துப் பேசுதல் ஒவ்வொரு தாய்க்கும் தந்தைக்கும் பாட்டிக்கும் இயலும். புத்தகத்தில் மட்டும் கற்ற சொல் தேர்வோடு போய்விடும்; கையில் பிடித்த பொருளின் பெயர் எளிதில் மறப்பதில்லை.

அதற்கான கருவிகள் ஈஜிபுராவிலேயே இருக்கின்றன. கோடைக் காலத்தில் பெங்களூர்த் தெருக்களில் மாங்காய் வண்டிகள் வரும். விற்பவர் மாங்காயை அடிப்பகுதி விடாமல் நெடுகக் கீறி, விசிறி போல விரித்து, உப்பும் மிளகாய்த் தூளும் தூவிக் கொடுப்பார். 'அம்மா, எனக்கொரு பீஸ்' என்று குழந்தை கேட்கும். 'இந்தாடா கண்ணு, ஒரு கீற்று எடுத்துக்கொள்' என்று சொல்லிக் கொடுங்கள். ஒவ்வொரு கீற்றும் அடியில் மாங்காயோடு ஒட்டியிருப்பதையும் காட்டுங்கள். அண்டைவீட்டுத் திருமணத்தில் தென்னையோலை கட்டியிருந்தால், அதன் தமிழ்ப்பெயரையும் கன்னடப் பெயரையும் இரண்டையும் சொல்லுங்கள். குழந்தைக்கு இரட்டைச் செல்வம் கிடைக்கும். அமாவாசை கழிந்து பிறை தெரியும் மாலையில் மாடிக்கு அழைத்துச் சென்று மேற்கே காட்டுங்கள். அப்போது, பாடநூலில் ஒளிக்கீற்று என்று படிக்கும் சிறுவன் அச்சொல்லைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. மாங்காயின் புளிப்போடு அதனை அவன் முன்னரே அறிந்திருப்பான்.